ரெண்டாவது லாக்

நாற்பது நிமிஷம். அதற்கு முன்னால் ரேடியேட்டர் மூடியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை காதில் விழுந்ததா தெரியவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாகப் பதினெட்டு அடி போகிறார், திரும்புகிறார், மறுபடி பதினெட்டு. ஒன்பது இருபதுக்கு வண்டி நின்றது, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். பானெட் இடுக்கில் வெள்ளையாகக் கிளம்பிய ஆவி அடங்கவே ஆறு நிமிஷம் ஆயிற்று. பத்து மணிக்குத் திறக்கலாம். பத்தேகாலுக்குக் கிளம்பினால் கணவாய் இறங்கிச் சமதளம், முப்பத்தோரு கிலோமீட்டர், பதினொன்றுக்குப் பள்ளிக்கூடத்துத் தாளாளர் முன்னால் போய் நிற்கலாம். பதினொன்று என்றால் பதினொன்று. பன்னிரண்டுக்கு அவர் சென்னை கிளம்புகிறார், இன்றைக்கு விட்டால் அந்த வேலை வேறு ஆளுக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வேன். காலை ஐந்து மணிக்கு ஒவ்வொன்றுக்கும் தண்ணீர், ஆயில், டயர் காற்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வேன் கேட்டைத் தாண்டும். வேன் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்கு ஒரு சாவி, அந்தச் சாவி என் சட்டைப்பையில். அறுபத்தெட்டு வயதில் எனக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. என் மனைவி போன பிறகு மூன்று வருஷமாக மகள் வீட்டில், துணி துவைக்கிற மிஷின் இருக்கும் அறையில் படுக்கிறேன். அது சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து நடுங்கும். எனக்கு அங்கே ஒரு குறையும் வைக்கவில்லை. குறை வைக்கவில்லை என்பதையே தினம் மூன்று வேளையும் தட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டி சர்வீஸ் முடிந்து வந்தது. ஒரு தடவை தண்ணீர் பார்த்துவிடட்டுமா என்று கேட்டேன், அவ்வளவுதான் கேட்டேன். மாதேஷ் சிரித்துக்கொண்டே, "இது உங்க டெப்போ பஸ் இல்லீங்க மாமா, எல்லாம் செக் பண்ணித்தான் குடுத்திருக்காங்க, நீங்க கைய வெக்காதீங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னால் சுடாது என்று நினைப்பு. வளர்மதியும் பக்கத்தில் நின்று சிரித்தாள், நான் பெற்ற மகள். சரி, பஸ் இல்லை. அதனால்தான் இன்றைக்குச் சூடு காட்டுகிற முள் நடுக்கோட்டைத் தாண்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. கணவாய் தொடங்குகிற இடத்தில் நடுக்கோட்டை விட்டது, அம்மன் கோயில் வளைவில் அடுத்த கோடு, அதற்கப்புறம் சிவப்பு. ஏழு நிமிஷம் பார்த்துக்கொண்டே வந்தேன். அவராகப் பார்க்கட்டும். அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். "என்ன மாமா, ஏதோ வாசன வருது?" என்று கேட்டபோதுதான், "ஓரமா நிறுத்துங்க" என்றேன். ஏழு நிமிஷத்தில் ஓர் எஞ்சினின் தலை வளைந்துபோகும். வளைந்திருந்தால் அது யார் கணக்கு? சர்வீஸ் போட்டவன் கணக்கா, பாட்டுக் கேட்டவர் கணக்கா, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவன் கணக்கா? இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கூசிக்கொண்டு அடுத்ததற்கு ஓடிப்போகிறது. அடுத்தது ஆயில் கம்பி.

கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பு. டீயில் பால் விட்ட நிறம் இல்லை. தண்ணீர் ஆயிலில் கலக்கவில்லை, தலை தப்பித்தது. இரண்டாவது தடவையும் பார்த்தேன், மூன்றாவது தடவையும். மூன்று தடவை பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மாதேஷ் போனை இறக்கிவிட்டு, "மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கேங்க மாமா, வர ஒன்றரை மணி நேரமாவுமாம்" என்றார். "வேணாம்" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது, எப்போதும் அப்படித்தான், டெப்போவில் இருபத்தொன்பது வருஷமும் வேணும், வேணாம், ஆச்சு, ஆகலை என்றே ஓட்டிவிட்டேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டும், அதுதான் முறை. விசிறி சுற்றுகிறதா? வண்டி நின்ற பிறகும் சுற்றியது, காதால் கேட்டேன், அது தள்ளு. ரேடியேட்டர் முகத்தில் அடைப்பா? நாலு தட்டான், ஒரு வேப்பிலை, அவ்வளவுதான், தள்ளு. ரப்பர் ஓஸ் வெடித்திருக்கிறதா, கிளிப் கசிகிறதா? காய்ந்து கிடக்கிறது, தள்ளு. மேல் ஓஸை விரலால் அழுத்தினேன், அது பலூன்போல விறைத்திருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தது. "ஐயோ மாமா, கொதிக்குதுங்க, கைய எடுங்க!" என்று மாதேஷ் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "பழகின கை" என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றும் சுடவில்லை. இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு டீ கிளாஸைப் பிடிக்கவே கைக்குட்டை வேண்டியிருக்கிறது. பிறகு அவர் பக்கத்திலிருந்த வெள்ளை டப்பாவைக் காட்டி, "இதுல தண்ணி ரொம்பி வழியுது பாருங்க, அப்புறம் எப்படி ஹீட்டாவும்?" என்று கேட்டார். அதுதான் விஷயம் என்று அப்போதே மனசில் பட்டது. டப்பா நிறைந்து வழிகிறது, ஓஸ் தளர்ந்து கிடக்கிறது. ரேடியேட்டர் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு வெறும் வயிற்றோடு கணவாய் ஏறியிருக்கிறது. அழுத்தம் உள்ளே நிற்கவில்லை. நிறுத்த வேண்டியது மூடி. மூடிதான் பாக்கி, மற்றதெல்லாம் தள்ளியாயிற்று. சொல்லவில்லை. பத்து மணிக்குத் திறந்து காட்டுவேன். இது பஸ் இல்லையாம். இந்த நேரத்தில் ஒரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, காலையிலயே அடுப்பு பத்த வெச்சுட்டீங்களா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "மஞ்சத்தூள் ஒரு பாக்கெட்டு வாங்கி உள்ள கொட்டுங்க, ஓட்டைய அடைச்சுக்கும், நான் விஜயவாடா வரைக்கும் போயிருக்கேன்." ஓட்டை இல்லீங்க என்றேன், அது அவருக்குக் கேட்டிருக்காது. மாதேஷைப் பார்த்து, "ஏசியப் போட்டு உங்களுக்குக் குளுகுளுன்னு இருந்தா போதுமா சார், எஞ்சினுக்கு யாரு விசிறி விடறது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி கியர் மாற்றிப் போனார். மாப்பிள்ளை முகம் சுருங்கியது. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தது. ஒன்பது முப்பத்தெட்டு.

மஞ்சள் தூள் நானும் போட்டிருக்கிறேன். மூன்றாம் நம்பர் பஸ், வழியில் ரேடியேட்டர் சொட்ட ஆரம்பித்து, கண்டக்டர் பெட்டிக்கடையில் வாங்கி வந்தார். ஓட்டையும் அடைத்தது, மூன்று மாதத்தில் குழாய்களையும் அடைத்தது. எனக்கு இருந்த வேலை தண்ணீர். பேரே தீர்த்தகிரி, டெப்போவில் தண்ணித் தீர்த்தகிரி ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பத்திரண்டு பஸ், வருஷத்துக்கு முந்நூறு நாள், இருபத்தொன்பது வருஷம், மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரத்து நானூறு மூடி. திறந்து, விரலை முதல் கணு வரைக்கும் உள்ளே விட்டு மட்டம் பார்த்து, மூடுவேன். அமுக்கித் திருப்பினால் ஒரு லாக். இன்னும் அமுக்கித் திருப்பினால் ரெண்டாவது லாக். முதல் லாக்கில் நின்றால் பார்வைக்கு மூடின மாதிரியே இருக்கும், ஆனால் அழுத்தம் நிற்காது. அந்த ரெண்டாவது லாக் விழுவது விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரத்து நானூறில் ஒன்றுகூட என் கையில் தப்பவில்லை. அபிமன்னன் கையில் தப்பியது. என்னைவிட மூத்தவர், எனக்கு முன்னாலேயே தண்ணீர் வேலை பார்த்தவர். அவர் பார்த்த பஸ் இதே கணவாயில் கொதித்து நின்று ஐம்பத்திரண்டு பேர் இறங்கி வெயிலில் நடந்தார்கள். மூடியை நான்தான் போய்ப் பார்த்தேன், முதல் லாக்கில் இருந்தது. எட்டாம் வகுப்புக் கையெழுத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல், புகார் நோட்டில் எழுதினேன். மூடி ஒரு லாக்கில் நின்றது. பார்த்தவர், அபிமன்னன். அவர் மேனேஜர் ரூம் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூடினேன் தீர்த்தகிரி. நல்லாத்தான் மூடினேன். இப்பகூட அந்த நெனப்பு கையில இருக்குது" என்றார். நான் சொன்னேன், "கையில இருந்தா போதாதுங்க, மூடியில இருக்கணும்." நின்றிருந்த எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தொன்பது வருஷத்தில் நான் பேசி நாலு பேர் சிரித்தது அந்த ஒரே தடவைதான். அதை எத்தனையோ நாள் படுக்கையில் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவரைப் பஸ் கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள். ரிட்டையராக மூன்று வருஷம் இருந்தது, மூன்று வருஷமும் முழங்கால் தண்ணீரில் நின்று கழுவினார். போன ஆடியில் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். தப்பு தப்புதானே. ஒன்றை எழுதாமல் விட்டால் எல்லாவற்றையும் விடவேண்டி வரும்.

"ஐயா, ஒத்தச் செருப்போட நிக்கறீங்களே, இன்னொன்னு அங்க ரோட்டுல கெடக்குது பாருங்க, லாரி ஏறிடப் போவுது." புளியமரத்தடியில் சீத்தாப்பழக் கூடை வைத்திருக்கிற அம்மாள். குனிந்து பார்த்தேன், வலது கால் வெறும் கால், தார் ரோட்டில். எப்போது கழன்றது தெரியவில்லை. "சூடு தெரியலியா உங்களுக்கு? எங்க ஊட்டுக்காரரும் இப்படித்தான், முள்ளுக் குத்தினாக்கூட அடுத்த நாளு நான் பாத்துச் சொல்லணும், கேட்டா வீரன் மாதிரி பேசுவாரு" என்றாள். மாதேஷ் போய்ச் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல் வைத்தார். அவர் பார்த்துத் திட்டியிருந்தாலும் தேவலை. சர்க்கரை, ஆறு வருஷம். காலில் கொஞ்சம் மரப்பு உண்டு, காலோடு சரி. சட்டைப் பொத்தான் போட இப்போது நேரமாகிறது, அது பொத்தான் சின்னதாக வருவதால். போன மாதம் டம்ளர் இரண்டு விழுந்தது, அது எவர்சில்வர், வழுக்கும். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் கேட்க மாட்டார்கள். கண் எப்படி என்று கேட்பார்கள், கண் நன்றாக இருக்கிறது. ஒன்பது ஐம்பத்தொன்று. வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னதும் மாதேஷ்தான். என் மேல் அக்கறையா, மிஷின் அறை காலியாகட்டும் என்றா, மூன்று வாரமாக இந்த இரண்டையும் தராசில் போட்டுப் பார்க்கிறேன், முள் ஒரு பக்கமும் நிற்கவில்லை. ஒன்பது ஐம்பத்தாறு. குடத்துத் தண்ணீர் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அந்த அம்மாள். போர் தண்ணீர் உப்பு, ஆனால் ஒரு நாளைக்குப் பாதகமில்லை. நாலு பாட்டில் பிடித்து வரிசையாக வைத்தேன். பத்து.

துணியை நாலாக மடித்து மூடிமேல் போட்டு, உள்ளங்கையால் அமுக்கி இடது பக்கமாகத் திருப்பினேன். ரெண்டாவது லாக்கிலிருந்து முதல் லாக்குக்கு வரும், அங்கே நிறுத்தி, உஸ்ஸென்று ஆவி போகும்வரை காத்திருந்து, அப்புறம் முழுக்கத் திருப்ப வேண்டும். வரவில்லை. எடுத்த எடுப்பில் கையோடு வந்துவிட்டது. முதல் லாக்கிலேயே இருந்திருக்கிறது. பிடித்துவிட்டேன்! சர்வீஸ் போட்டவன், எல்லாம் செக் பண்ணிக் கொடுத்தவன், மூடியை ஒரு லாக்கில் விட்டிருக்கிறான். நெஞ்சுக்குள் ஏதோ எழும்பி நின்றது, திரும்பி மாப்பிள்ளையைக் கூப்பிட வாயைக்கூடத் திறந்தேன். மூன்று எண்ணுகிற நேரம் இருக்கும் அந்தச் சந்தோஷம். சர்வீஸ் திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மாதேஷ் ஓசூர் போய்த் திரும்பினார், நூற்றெண்பது கிலோமீட்டர், முள் அசையவில்லை, ராத்திரி சாப்பிடும்போது அவரே சொன்னார். ஓசூருக்குப் போய் வந்த மூடி கணவாயில் எப்படி ஒரு லாக்கில் நிற்கும்? நடுவில் யாரோ திறந்திருக்க வேண்டும். இன்றைக்குக் காலை ஐந்தரைக்கு வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, அடுப்படி ஆணியிலிருந்து சாவியை எடுத்து, சத்தமில்லாமல் பானெட்டைத் தூக்கி, விரலை முதல் கணு வரைக்கும் விட்டு மட்டம் பார்த்தேன். வேலை கேட்கப் போகிற நாள், கை கேட்கவில்லை, கையை வைக்காதே என்று சொன்ன பிறகு வைக்காமலும் இருக்க முடியவில்லை. பார்த்தேன். மூடினேன். நன்றாகத்தான் மூடினேன், அமுக்கி, ஒன்று, ரெண்டு, கையில் அப்படியே இருக்கிறது. கையில் இருப்பது இன்றைக்குக் காலையில் மூடியதா, மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரத்து நானூறில் ஏதோ ஒன்றா? பிரித்தெடுக்க முடியவில்லை. எல்லா மூடியும் ஒரே மூடியாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மேனேஜர் ரூம் வாசல், என் கையைப் பிடித்த கை, ஈரமான கை. அந்த ஈரம் எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"என்னங்க மாமா, தெரிஞ்சுதா?" மாதேஷ் பக்கத்தில் வந்து நின்றார். "மூடி" என்றேன். "ஒரு லாக்குலதான் இருந்திருக்குது." அதற்கு அடுத்த வாக்கியம் தொண்டையில் இருந்தது, அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். "என்ன சம்பத்து, என்ன லட்சணத்துல சர்வீஸ் பண்ணி அனுப்பற? ரேடியேட்டர் மூடிய ஒழுங்கா மூடத் தெரியாதா? நடுக் கணவாயில நிக்கறோம்ப்பா, எஞ்சின் போயிருந்தா நீயா தருவ? கண்டுபிடிச்சது யாரு தெரியுமா, எங்க மாமா! இருபத்தொம்பது வருஷம் டெப்போவுல இருந்தவரு. எல்லாத்தையும் ஒன்னொன்னா பாத்துத் தள்ளி, கரெக்டா மூடியில கைய வெச்சாரு, நீயெல்லாம் அவருகிட்ட வந்து கத்துக்கணும்." எங்க மாமா. இந்த மூன்று வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயால் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கத்துக் குரல் தெளிவாகக் கேட்டது. "மூடினேங்கண்ணா. சத்தியமா மூடினேன். நானே என் கையால மூடினேன்." அதே வாக்கியம். அன்றைக்கு எனக்கு அது பொய்யாகக் கேட்டது, இன்றைக்கு இது நிஜம் என்று எனக்கு மட்டும் தெரியும். அபிமன்னன் மூடிய பிறகு அந்த பஸ்ஸை வேறு யாராவது திறந்து பார்த்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. புகார் நோட்டில் அதைக் கேட்க ஒரு கட்டம் போட்டிருக்கவில்லை.

தண்ணீரை ஊற்றினேன். மூன்று பாட்டில் முழுதாக, நாலாவதில் பாதி. மாதேஷ் இன்னும் போனில் திட்டிக்கொண்டிருந்தார். மூடியை எடுத்துத் துடைத்தேன், ரப்பரைப் பார்த்தேன், கிழிசல் இல்லை, ஸ்பிரிங் நன்றாக இருந்தது. மூடி மேல் குற்றமில்லை. ஒருவேளை காலையில் தூக்கக் கலக்கமாக இருக்கலாம், இருட்டாக இருக்கலாம், சத்தம் வரக்கூடாது என்ற அவசரமாக இருக்கலாம். இப்போது வெளிச்சம் இருக்கிறது, அவசரம் இல்லை. மூடியை வாயில் பொருத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேன், விரல் மட்டும் பேசட்டும் என்று. அமுக்கித் திருப்பினேன். ஒன்று. இன்னும் அமுக்கித் திருப்பினேன். ரெண்டு. விழுந்தது, நிச்சயமாக விழுந்தது, மேனேஜர் ரூம் வாசலில் நின்று சத்தியம் செய்வேன். "ஒரு தடவ நீங்க பாருங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேச்சை விடாமல், ஒரு கையால் மூடியைப் பிடித்து அமுக்கினார். மூடி திரும்பியது. கால் வட்டம் திரும்பி ரெண்டாவது லாக்கில் போய் நின்றது. பேச்சு நின்றுவிட்டது. அவர் மூடியைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார். காலையில் ஆணியில் சாவி வேறு மாதிரி தொங்கியது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ. "அப்புறம் பேசறேன் சம்பத்து" என்று போனை வைத்தார். மூடியை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மூடி கொஞ்சம் டைட்டுங்க மாமா. எனக்கே ஒரு தடவ இப்படித்தான் ஆச்சு" என்றார். அவர் இந்த வண்டியின் மூடியை ஒரு நாளும் திறந்ததில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த மூன்று வருஷத்தில் அவர் சொன்ன எதுவும் இந்த ஒரு பொய் அளவுக்கு என்னைச் சுடவில்லை.

வண்டி கிளம்பியது. முள் மெதுவாக ஏறி நடுக்கோட்டில் வந்து நின்றது, அசையவில்லை. பத்து பதினெட்டு. பன்னிரண்டு வேன், வேனுக்கு முப்பது பிள்ளைகள் என்றாலும் முந்நூற்று அறுபது. அந்த அறை, அந்தச் சாவி. நோட்டில் என் கையெழுத்து மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் இருக்கும். "அந்த சம்பத்துக்குப் போன் போட்டுக் குடுங்க" என்றேன். போனில் பேசுவது எனக்கு ஆகாது, அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, ஓரமாக நிறுத்திப் போட்டுக் கொடுத்தார். "நீங்க மூடினது சரிதாங்க. காலையில நான் தொறந்தேன். நான்தான் சரியா மூடல." "பரவால்லீங்கய்யா, விடுங்க" என்றான் சம்பத்து. பரவாயில்லை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வீட்டுக்குத் திருப்புங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "நேரம் இருக்குதுங்க மாமா. இத யாருகிட்டயும் சொல்ல வேண்டியதில்ல" என்றார். "பன்னண்டு மூடி" என்றேன். மாதேஷ் முன்னும் பின்னும் பார்த்து, இரண்டு லாரிகளுக்கு வழிவிட்டு, வண்டியைத் திருப்பினார். புளியமரம் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தது, அந்த அம்மாள் கையை ஆட்டினாள். எனக்குச் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு செருப்பும் காலில்தான் இருந்தன.